காக்கா வராத பாறை

1

அங்கே உங்களுக்கு ஆடி அமாவாசை முடிந்துபோயிருக்கும். காக்காய்க்கு வைத்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து, இந்நேரம் விளக்கேற்றியிருப்பீர்கள். எனக்கு இங்கே கனடாவில் இப்போதுதான் விடிகிறது. செத்தவர்களுக்குச் சோறு போடுவதில்கூட நான் உங்களுக்குப் பின்னால்தான் நிற்கிறேன்.

என் மனைவி கவிதா அடுப்படியில் இருக்கிறாள். குக்கர் சத்தம் கேட்கிறது. சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், பாயசம். இந்த வருஷம் கருவாடு கிடையாது. என் அப்பா இந்தச் சாப்பாட்டைப் பார்த்தால், "வீட்ல யாருல காய்ச்சக்காரன்?" என்று கேட்பார். போன வருஷம் இதே நாளில் அவருக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் படைத்தேன். அது ஒரு உயிரைக் கொண்டுபோய்விட்டது. என் மகள் தாரணி அதன்பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஊரிலிருந்து நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், "கனடா எப்படி இருக்கு, எழுதேன்" என்று. பனியைப் பற்றி எழுதினால் சந்தோஷப்படுவீர்கள். பனியை விடுங்கள். அது பெய்யும், உருகும். சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் படித்தவன் இங்கே ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். குளிர்காலத்தில் விடிவதற்கு முன்பே போய் வண்டியைச் சூடுபடுத்த வேண்டும். டயரைத் தட்டிப் பார்க்க வேண்டும். கடைசிப் பிள்ளையும் இறங்கியபின் பின்சீட்டு வரை நடந்துபோய், ஏதாவது ஒரு வாண்டு தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் சாவியை ஒப்படைக்க வேண்டும். அதில் ஒருநாளும் நான் தவறியதில்லை. அவ்வளவு கவனமான ஆள்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன் என்றால் நம்புங்கள்.

2

எங்கள் வீடு தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில், லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பங்கள். இந்த வீட்டில் தாளித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். அப்பா கவ்வாத்துக் கத்தி பிடித்துச் செடி வெட்டுகிற வேலை. மழைக்குத் தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போவார், நனைந்து திரும்புவார், பாலில்லாத கட்டன் சாயா குடிப்பார், கருவாட்டுக் குழம்பு இல்லாவிட்டால் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுவார். அவ்வளவுதான் அவருடைய கோபம்.

லயத்துக்குப் பின்னால் அம்மா வாழை வைத்திருந்தாள். அந்தச் சரிவில் வெயில் கொஞ்சம் விழும். நன்றாக வந்தது, குலையும் தள்ளியது. அந்த வருஷம் யானை வந்தது. ஒற்றை ஆண். சாயங்காலம் மூடுபனியோடு மூடுபனியாக வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும். அப்பா கதவை ஒருச்சாய்த்துத் திறந்து, "போ சாமி, இங்க ஒண்ணும் இல்ல, போ" என்று மாமனாரிடம் பேசுகிற மாதிரி பேசுவார். அதுவும் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போகும்.

ஒருநாள் காலையில் அப்பா வாழையை அடியோடு வெட்டிச் சாய்த்தார். குலை முற்றவில்லை. கன்றையும் விடவில்லை. அம்மா வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, "எதுக்குண்ணே பச்ச வாழைய வெட்டுறீக?" என்று கேட்டார்.

"மணம் புடிச்சு வருது" என்றார் அப்பா. "ரெண்டு தடவ தின்னுட்டா பழகிரும். பழகிட்டா அப்பறம் அது சும்மா இருக்காது, நம்மளும் சும்மா இருக்க மாட்டோம். கடைசில அதத்தான் கயித்தப் போட்டு இழுத்துட்டுப் போவாக. பாவம்ல."

இந்தக் கதையைத் தாரணிக்கு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சின்ன வயதில் அவளுக்குச் சோறு ஊட்டுவதே இந்தக் கதையை வைத்துத்தான். "தாத்தா யானையைக் காப்பாத்தினாங்க" என்று பள்ளிக்கூடத்தில்கூடப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அப்பா ஆடி அமாவாசையன்றே போனார். நல்ல மழை. நான் அப்போது கனடாவில்; இங்கே தங்குவதற்கான என் பெர்மிட் புதுப்பிக்கப் போயிருந்தது. நாட்டைவிட்டு வெளியே காலை வைத்தால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பதற்கு ஒருவரும் வாய் திறந்து பதில் சொல்லவில்லை. போனில் ஒரு குரல், இந்த எண்ணை அழுத்து அந்த எண்ணை அழுத்து என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அங்கே என் கூடப்பிறந்த செல்வி அக்காவின் வீட்டுக்காரர் கொள்ளி வைத்தார். வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலைக்குள் இறங்குகிற வளைவு வந்ததும் சிக்னல் போய்விட்டது. பாடை வளைவில் அப்படியே நின்றது. இன்றைக்கும் என் கண்ணில் அப்பா அந்த வளைவில்தான் நிற்கிறார்.

மகன் என்று நான் அவருக்குச் செய்ய மிச்சமிருந்தது இந்தத் திதி ஒன்றுதான். அதனால்தான் அதில் ஒரு பிடிவாதம்.

3

தாரணி மிருகங்களைப் பற்றிப் படிக்கிறாள். தமிழ் எழுத்துகளை "அப்புறம் படிக்கிறேன்" என்று தள்ளிவைத்தவள், மிருகங்களின் எச்சத்தைக் கையில் எடுத்து மணிக்கணக்காகப் பார்ப்பாள். எங்கள் வீட்டிலிருந்து அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுப் பக்கம் நகர்ந்துபோனதை நாங்கள் கவனிக்கவே இல்லை. போன வருஷக் கோடையில் வடக்கே ஒரு மலைப் பூங்காவில் வேலை கிடைத்தது. பூங்கா என்றால் ஊஞ்சலும் சறுக்குமரமும் அல்ல. முழுக் காடு. கடை இல்லை, கரண்ட் இல்லை, போன் சிக்னல் இல்லை. சனங்கள் கூடாரம் போட்டுத் தங்குவார்கள், நடப்பார்கள், சும்மா உட்கார்ந்திருப்பார்கள். தாரணியின் வேலை, கூடாரம் கூடாரமாகப் போய்ச் சாப்பாட்டு விஷயத்தில் எப்படிக் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது.

அவளைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்களும் கூடாரம் போட்டாக வேண்டும். செல்வி அக்காவிடம் போனில் சொன்னபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏ தம்பி, லயத்துல படுக்க முடியலன்னுதான கனடா போன? இப்ப சாக்கு விரிச்சுக் காட்டுல படுக்கப் போறியாக்கும்!"

எங்களுக்குக் காடு என்பது வேலை செய்கிற இடத்தின் மறுபக்கம். அதில் போய் ஓய்வெடுக்கலாம் என்று எவருக்கும் தோன்றியதில்லை. அதுவும் எங்கள் மலையில் சத்தம் ஓயாது. ஃபாக்டரி சங்கு ஊதும், கோயில் மைக்கு பாடும், யாராவது யாரையாவது ஏசிக்கொண்டிருப்பார்கள். இந்தக் காட்டில் காது அடைத்துப்போன மாதிரி ஒரு அமைதி. இறங்கிய கொஞ்ச நேரத்தில் கவிதா என் காதில், "ஏனுங்க, இங்க குருவிகூடக் கத்தாதுங்களா?" என்றாள். அவளும் அறியாமல் குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

தாரணி பச்சைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, எங்களிடமும் வந்தாள். பெற்றவர்கள் என்று ஒரு சலுகையும் இல்லை. எல்லாருக்கும் சொல்வதை எங்களுக்கும் சொன்னாள்.

"அப்பா, சாப்பாடு, பேஸ்ட், சோப்பு, அம்மாவோட எண்ணெய், எல்லாமே இந்த இரும்புப் பெட்டிக்குள்ள போகணும். மணம் வர்ற எதுவும் வெளிய இருக்கக் கூடாது. கை கழுவுன தண்ணியைக்கூட அங்க போய்த்தான் ஊத்தணும்."

"தாத்தா வாழைய வெட்டுன மாதிரி" என்றேன்.

"கரெக்ட்! தாத்தா வாழையை வெட்டுன மாதிரி" என்று சிரித்தாள். எனக்கு அப்படி ஒரு பெருமை.

அப்புறம் தொலைநோக்கியை என் கண்ணில் வைத்து, எதிரே சரிவைக் காட்டினாள். "அங்க பாருங்க. அவங்க இருக்காங்க."

"யாரும்மா?"

"கரடி."

கவிதா வேலந்தாவளத்துக்காரி. மாட்டுச் சந்தைக்குப் பக்கத்துத் தோட்டம். கொங்கு வீட்டு வழக்கப்படி, பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது மரியாதை. வீட்டுக்குள் மட்டும் தமிழ் கேட்டு வளர்ந்த பெண் அதை எல்லாருக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நாய் வந்தாங்க, அணில் ஓடிட்டாங்க, கரடி இருக்காங்க. திருத்தித் திருத்தி ஓய்ந்துவிட்டோம். பிறகு அதைக் கேட்பதே எங்களுக்கு ஒரு சந்தோஷமாகிவிட்டது.

கரடி காட்டுப்பழம் தின்றுகொண்டிருந்தது. இளசு, பெண்ணாம். நெஞ்சில் திருநீறு இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கீற்று. "பழனிக்குப் போயிட்டு வந்த மாதிரியே இருக்குதுங்க" என்றாள் கவிதா. தாரணி கோடை முழுக்க அதைத் தூரத்திலிருந்து பார்த்துவந்தாள். எங்கே குடிக்கும், எங்கே படுக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"கிட்ட வராதா?" என்று கேட்டேன்.

"வர மாட்டாங்கப்பா. அவங்களுக்கு நம்மளைக் கண்டாலே ஆகாது. அதனாலதான் உயிரோட இருக்காங்க."

4

மறுநாள் ஆடி அமாவாசை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே காலண்டரில் பார்த்துவிட்டேன். கருவாட்டுக் குழம்பை வைத்து, டப்பாவில் அடைத்து, பைமேல் பையாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். கவிதாவுக்கு அதில் சம்மதமே இல்லை.

"அமாவாசையும் அதுவுமாக் கருவாடுங்களா? எங்க ஊட்டுல கேட்டாக் காறித் துப்புவாங்க."

"உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு நீ பாயசம் வை. எங்கப்பா கருவாடு இல்லாம இலைப் பக்கம் திரும்பமாட்டார்."

அன்று தாரணிக்கு விடுப்பு. மூன்று பேருமாக மேலே ஏரி வரை நடந்துபோய் வருவதாகப் பேச்சு. அவள் தன் தங்குமிடத்திலிருந்து வருவதற்குள் நான் காரியத்தை முடித்துவிட நினைத்தேன். அடுப்பில் சோறு பொங்கி, ஆசியக் கடையில் வாங்கின உறைந்த வாழையிலையைப் பிரித்து, கூடாரத்துக்குப் பின்னால் புதருக்கு அப்பால் ஒரு தட்டைப் பாறையில் விரித்தேன். சோறு, குழம்பு, கருவாட்டுத் துண்டு, ஒரு டம்ளர் கட்டன் சாயா. அவளுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அந்த இடம். இத்தனூண்டு சோறு, காக்கா வந்தால் ஒரு நொடியில் காலி. அதற்கு எதற்குப் பெட்டியும் பூட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"கா... கா..." என்று கூப்பிட்டேன். அந்த அமைதிக்குள் என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. எங்கள் மலையில் கூப்பிட வாயைத் திறக்கும்போதே வந்துவிடும். இங்கே ஒன்றும் அசையவில்லை. தள்ளி நின்று கூப்பிட்டேன். மறைந்து நின்று பார்த்தேன். அப்பா, கொள்ளி வைக்க வரவில்லை என்ற கோபமா? இத்தனை தூரம் வழி தெரியவில்லையா? வாய்விட்டே கேட்டேன்.

"எடுத்துப் பெட்டிக்குள்ள வெச்சுருங்க" என்றாள் கவிதா. "புள்ள வந்துருவா."

எடுக்கலாமா? செத்தவருக்கு வைத்ததைத் திரும்ப எடுத்து, நம் சாப்பாட்டோடு வைப்பதா? எங்கள் பக்கம் அது கூடவே கூடாது. வைத்தது வைத்ததுதான். காக்கா எடுக்கிற வரை இலை அங்கேயே இருக்கும், வீட்டில் யாரும் வாயில் பருக்கை வைக்க மாட்டோம். அதுவுமில்லாமல், ஆள் நின்றால் காக்கா வராது. நாம் நகர்ந்தால் வந்துவிடும் என்று அம்மா சொல்வாள். சரி, நகர்ந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

தாரணி வந்தாள். நானும் கவிதாவும் பட்டினியாகவே நடந்தோம். ஏறுவது எனக்குப் புதிதா என்ன? தேயிலைச் சரிவில் ஏறின கால், தானாக வேகம் பிடித்தது. "மெதுவாப்பா, இது ரேஸ் இல்ல" என்று பின்னாலிருந்து கத்தினாள். ஏரிக்கரையில் உட்கார்ந்து, தாத்தா எப்படி நடப்பார், கத்தியை எப்படித் தோளில் போடுவார் என்றெல்லாம் கேட்டாள். பல வருஷம் கழித்து என் மகள் என்னிடம் கேள்வி கேட்டாள். தாத்தாவுக்கு இன்று திதி என்றும் சொன்னேன். படையலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வந்ததும் அவள் உடை மாற்றத் தன் அறைக்குப் போனாள். நான் பாறைக்கு ஓடினேன். துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஒரு பருக்கை இல்லை.

"கவிதா! வந்துட்டாரு! அப்பா வந்துட்டாரு!"

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்த வளைவில் நின்ற மனுஷன் ஒருவழியாக இறங்கி வந்துவிட்டார் என்று ஒரு நிம்மதி. கவிதா பாறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இலையிலும் பாதி இல்லை. டம்ளர் உருண்டு கிடந்தது.

"ஏனுங்க, காக்கா எலையையுமா திங்கும்?"

"காட்டுக் காக்கா. பெருசா இருக்கும்" என்றேன்.

போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். இந்த நாட்டுக்கு வந்து அப்படி ரசித்து நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

5

மறுநாள் காலையில் பாறைக்கு முன்னால் நின்றது, நெஞ்சில் வெள்ளைக் கீற்றோடு. இரண்டு நாளைக்கு முன்னால் எதிர்ச் சரிவில் அவ்வளவு தள்ளி நின்ற மிருகம். பாறையை நக்கிக்கொண்டிருந்தது. நான் கையைத் தட்டினேன். ஓடவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தது. சொன்னால் சிரிப்பீர்கள், "இன்னும் இருக்கா?" என்று கேட்கிற பார்வை அது. நான் தமிழிலேயே கத்தினேன். "போ சாமி! ஒண்ணும் இல்ல, போ!" அது போனது. ஆனால் காட்டுக்குள் போகவில்லை. அடுத்த கூடாரத்துக்குப் போனது.

அங்கே கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. நல்லவேளை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார்கள். குழந்தைக்கான பால்மாவை உள்ளே மறந்து வைத்திருந்தார்கள் போல. கூடாரத்தைக் கிழித்துப்போட்டுவிட்டது. அந்தத் தாய் திரும்பி வந்து போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. வண்டிகள் வந்தன. எல்லாரையும் கிளம்பச் சொன்னார்கள்.

தாரணி குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் துழாவிக்கொண்டு வந்தாள். எங்கள் பாறைக்கு வந்ததும் நின்றாள். இடுக்கில் கிடந்த ஒரு மீன் முள்ளை எடுத்து மோந்து பார்த்தாள். அந்த வாசனை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

"அப்பா, நீங்களா?"

"தாத்தாவுக்கு வச்சேம்மா."

"வாழையை வெட்டுன தாத்தாவுக்கா?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கவிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏதோ தெரியாமச் செஞ்சுட்டாருடா கண்ணு. ஆருகிட்டயும் சொல்லாத சாமி."

"சொல்லணும்மா. சொல்லலைன்னா, அவங்க தானா மனுஷங்ககிட்ட வந்தாங்கன்னு நெனச்சு உடனே சுட்டுருவாங்க. யாரோ பழக்கிட்டாங்கன்னு தெரிஞ்சா, தூரமாக் கொண்டுபோய் விட ஒரு சான்ஸ் இருக்கு."

"நானே வந்து சொல்றேன்" என்றேன்.

பூங்கா அதிகாரி ஓர் அம்மாள். கோபப்பட்டிருந்தால் தேவலை, அப்படி ஒரு பொறுமை. யாருக்காக உணவை வைத்தீர்கள் என்று கேட்டார். என் அப்பாவுக்காக என்றேன். நீங்கள் இரண்டு பேர் தங்கியிருப்பதாகத்தானே பதிவு, அப்பா எங்கே என்றார். செத்துப்போய்விட்டார் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அப்படியானால் அதை யார் சாப்பிடுவதாக ஏற்பாடு? காக்கா. நீங்கள் காக்காய்க்கு உணவளித்தீர்களா? இல்லை, அப்பாவுக்கு. எந்த மொழியில் பேசினாலும் திருடன் உளறுகிற மாதிரிதான் இருந்தது. பி.ஏ. தமிழ் படித்தவன், அப்பாவுக்கு ஒரு பிடி சோறு வைத்ததை ஒரு வரியில் விளக்கத் தெரியாமல் முழித்தேன். தாரணி அதே பச்சைச் சட்டையில் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை எடுத்துக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

அபராதம் போட்டார்கள், கட்டினேன். அதை விடுங்கள். "கரடியை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். முயற்சி செய்கிறோம் என்றார் அந்த அம்மாள்.

6

கூண்டு வைத்துப் பிடித்து, மலைகளுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். தாரணி கவிதாவுக்குச் செய்தி அனுப்பினாள், எனக்கு இல்லை. நான் தினமும் கவிதாவின் போனை எட்டிப் பார்ப்பேன். திரும்பி வரக் கூடாது, முருகா, திரும்பி மட்டும் வரக் கூடாது என்று பஸ் ஓட்டும்போதுகூட வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறந்து பிள்ளைகள் பின்னால் கூச்சல் போட்டார்கள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

வந்துவிட்டது. அதே இடம்கூட இல்லை, வேறொரு முகாமில் பட்டப்பகலில் சாப்பாட்டு மேசைக்கே வந்து நின்றதாம். ஆட்கள் கத்தியும் நகரவில்லையாம்.

தாரணி அன்று என்னைத்தான் கூப்பிட்டாள்.

"அப்பா, அவங்களைச் சுட்டுட்டாங்க."

அந்த 'அவங்களை'யைக் கேட்டபோது கூண்டோடு என்னைத் தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. என்னம்மா, எப்போம்மா என்று ஏதோ கேட்டேன். அவள் வைத்துவிட்டாள்.

அக்காவிடம் சொல்லி அழுதேன். "மிருகத்துக்குப் போயா இப்படி அழுவ?" என்று ஆரம்பித்தவள், முழுதும் கேட்டபின், "அப்பா இருந்தா ஒன்ன அடிச்சிருப்பாரு தம்பி" என்றாள். அதுதான் உண்மை. அவருக்குப் படைக்கிறேன் என்று அவர் எதைச் செய்ய மாட்டாரோ அதைச் செய்திருக்கிறேன்.

தாரணி அந்த இலையுதிர்காலத்தில் வீட்டுக்கு வரவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துக்கொண்டாள். தீபாவளிக்கு வந்து அம்மாவோடு அடுப்படியிலேயே நின்றுவிட்டுப் போனாள். என்னிடம் ஆங்கிலத்தில் பேசினாள். சுருக்கமாக, மரியாதையாக, பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் பேசுவதுபோல.

7

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கவிதா சமையலை முடித்துவிட்டாள். இலையை வெளியே வைப்பதில்லை என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். அப்பா படத்துக்கு முன்னால், வீட்டுக்குள்ளேயே போட்டோம். கும்பிட்டேன். "இந்த வருஷம் இவ்வளவுதான்பா" என்றேன். பின்பக்கக் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தியிருந்தேன்.

அப்போது போன் அடித்தது. தாரணி.

"அப்பா. இன்னைக்குத் தாத்தா நாள்தானே?"

தமிழ். எத்தனை மாசம் ஆயிற்று! "ஆமாம்மா" என்றேன். அந்த நேரம் பார்த்து வெளியே வேலிக்கம்பியில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்து கத்தியது. போன வருஷம் தொண்டை கிழியக் கூப்பிட்டேன், வரவில்லை. இப்போது கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிறது.

"அது என்ன சத்தம்?"

"காக்கா."

"வந்துட்டாங்களா? வச்சீங்களா?"

"இல்லம்மா. உள்ளதான் வச்சிருக்கு."

அவள் மெதுவாக, "வைங்கப்பா" என்றாள். "காக்காதான. ஒண்ணும் ஆகாது. அவங்களுக்குப் பசிக்கும்ல."

நான் ஒரு கிண்ணத்தில் சோறு எடுத்தேன். கண்ணாடிக் கதவு வரை போனேன். காக்கா தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. எனக்குத் தெரிந்தது அந்தப் பாறையும், நிமிர்ந்து பார்த்த அந்த முகமும்தான். கை கைப்பிடியில் இருக்கிறது, இழுக்க வரவில்லை. என்ன முயன்றும் வரவில்லை. காக்கா இன்னும் ஒருமுறை கத்தியது. பிறகு பறந்து பக்கத்து வீட்டுக் கூரைக்கு அப்பால் போய்விட்டது.

"சாப்பிட்டாங்களாப்பா?"

"சாப்பிட்டுச்சும்மா."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "சரி. அப்ப நீங்களும் சாப்பிடுங்க" என்றாள். அடுத்த வாரம் வீட்டுக்கு வருவதாகவும் சொல்லிவிட்டு வைத்தாள்.

கவிதா என்னையும் கையிலிருந்த கிண்ணத்தையும் பார்த்தாள். காக்கா எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. அதைத் தாரணிக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். சோறு ஆறிவிட்டது. நாங்கள் இருவரும் இன்னும் சாப்பிடவில்லை.